36 மணி நேர டியூட்டி: டாக்டருக்கும் ஆபத்து, நோயாளிக்கும் ஆபத்து... ஏன்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வார்டில் இரவு 2 மணிக்கு உங்களைப் பார்க்க வரும் டாக்டர், முந்தைய நாள் காலையில் டியூட்டிக்கு வந்தவராக இருக்கலாம். பி.ஜி. மாணவர்களுக்கு 24 மணி நேரம், 36 மணி நேரம் என்று தொடர் டியூட்டி போடுவது நாட்டில் புதுசு இல்லை. 2024 ஆகஸ்ட்டில் கொல்கத்தா பயிற்சி மருத்துவர் கொலைக்குப் பிறகு, உச்ச நீதிமன்றமே இந்த வேலை நேரம் பற்றி கவலை தெரிவித்தது.

தூக்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05% ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது என்கிறது 1997-ல் வெளியான ஆய்வு. இந்தியாவில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்படும் வரம்பே 0.03% தான். காலை 6 மணிக்கு எழுந்த டாக்டர், இரவு 11 மணிக்கே அந்த நிலைக்கு வந்துவிடுகிறார். டியூட்டியோ இன்னும் பாதிகூட முடிந்திருக்காது.

டாக்டருக்கு என்ன ஆபத்து?

முதல் ஆபத்து, ஊசி. நோயாளிக்குப் போட்ட ஊசி கை தவறிக் குத்தினால் ஹெபடைடிஸ் பி, சி, ஹெச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில் 2,700-க்கும் மேற்பட்ட முதலாண்டு பயிற்சி டாக்டர்களிடம் நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு மறுநாள் பகலிலும் தொடர்ந்தவர்களுக்கு இந்தக் காயம் ஏற்படும் வாய்ப்பு சுமார் 1.6 மடங்கு. கவனம் சிதறியதும் சோர்வும்தான் அவர்கள் அதிகம் சொன்ன காரணங்கள்.

அடுத்தது, வீடு திரும்பும் வழி. 24 மணி நேரத்தைத் தாண்டிய ஷிஃப்ட் முடிந்து வண்டி ஓட்டும்போது விபத்து வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று 2005 ஆய்வு காட்டியது.

நோயாளிக்கு?

பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் ஐ.சி.யு.வில், நீண்ட ஷிஃப்ட்டையும் குறைக்கப்பட்ட ஷிஃப்ட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நீண்ட ஷிஃப்ட்டில் பயிற்சி டாக்டர்கள் செய்த தீவிரமான தவறுகள் 36% அதிகம் (2004). ஊசி தவறும் அதே கைதான் மருந்தின் அளவையும் எழுதுகிறது.

'நேரத்தைக் குறைத்தால் வேறு சிக்கல் வராதா?'

வரும். ஷிஃப்ட் குறைந்தால் ஒரு டாக்டர் இன்னொருவரிடம் நோயாளியை ஒப்படைக்கும் 'ஹேண்ட்ஓவர்' அதிகமாகும். அதில் தகவல் விடுபடலாம். வேலை நேர விதிகளைத் தளர்த்தியும் நோயாளிகளுக்குப் பாதிப்பு கூடவில்லை என்று 2016-ல் அமெரிக்க அறுவை சிகிச்சைத் துறை ஆய்வு ஒன்றும் சொன்னது. ஆனால் ஹேண்ட்ஓவரைச் சரிசெய்ய முடியும். என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்திப் பயிற்சி கொடுத்த 9 மருத்துவமனைகளில் மருத்துவத் தவறுகள் 23% குறைந்தன (2014). களைத்துப்போன மூளைக்கு அப்படி ஒரு பயிற்சி கிடையாது.

இந்தியாவில் விதி என்ன?

1992-ல் மத்திய அரசு கொண்டுவந்த ரெசிடென்ஸி திட்டத்தின்படி தொடர் டியூட்டி சாதாரணமாக 12 மணி நேரத்தையும், வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் தாண்டக்கூடாது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறையோ 'நியாயமான வேலை நேரம்' என்பதோடு நிறுத்திக்கொண்டது. எத்தனை மணி நேரம் நியாயம்? எண் இல்லை. ஆணையத்தின் மனநலப் பணிக்குழு 2024-ல் வாரத்துக்கு 74 மணி நேரம் என்ற உச்சவரம்பைப் பரிந்துரைத்தது.

நியூயார்க்கில் 1984-ல் 18 வயது லிபி ஸியோன் மருத்துவமனையில் இறந்த பிறகு, வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பு 1989-ல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா முழுவதற்கும் அது வர 2003 ஆனது. வரம்பை எழுதினால் மட்டும் போதாது. மீறினால் யார் கேட்பார்கள், அந்த இடத்தில் வேலை பார்க்க கூடுதல் டாக்டர் இருக்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1992 விதி காகிதத்தில் தங்கியதற்கும் அதுவே காரணம்.