யாருக்குத் தெரியும் என்று யாருக்குத் தெரியும்?

மும்பை தாராவியின் தோல் பைப் பட்டறைகளில் கட்டிங் மாஸ்டரின் மேஜையருகே கொஞ்ச நேரம் நிற்போம். அவர் உடனே கத்தியை எடுப்பதில்லை. மேல்புறம் உள்ளே போகும்படி தோலை மடித்து, கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறார். சுருக்கம் மெல்லிய கோடாக விழுந்தால் தோல் இறுக்கம். தடித்துப் புடைத்தால் தளர்ச்சி. முதுகுத்தண்டை ஒட்டிய பகுதியைப் பையின் முகப்புக்கு ஒதுக்குகிறார். வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும். அது வெளியே தெரியாத துண்டுகளுக்குப் போகிறது. இந்த இடத்தில் கை தப்பினால், பிறகு ஓரம் சீவுபவரும் ஒட்டுபவரும் தைப்பவரும் எவ்வளவு பாடுபட்டாலும் பை கோணிக்கொண்டுதான் நிற்கும்.

அந்த மாஸ்டர் கோயில் கொடைக்கு ஊருக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டால்? இந்தக் கவலை பட்டறைக்கும் உண்டு, பத்தாயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கும் உண்டு. இதற்கு நிர்வாகவியல்காரர்கள் கையாளும் வழிகளில் ஒன்றுக்கு அறிவு வரைபடம் என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். படிப்படியாகப் போவோம்.

முதலில், எல்லோரும் தடுக்கி விழும் இடத்தைப் பார்த்துவிடலாம். வரைபடம் என்றதும், மாஸ்டரை உட்காரவைத்து அவருக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என்று நினைத்துக்கொள்கிறோம். பல அலுவலகங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்கின்றன. அவசரத்துக்கு அதைத் திறந்து பார்ப்பார் இல்லை; பக்கத்து மேஜைக்காரரைக் கேட்பதே சுலபமாக இருக்கிறது. மாட்டுங்காவில் ஒரு வீட்டிலிருந்து ஃபோர்ட் அலுவலகத்துக்குப் போகும் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொள்வோம். எந்த ஸ்டேஷனில் ஏறியது, எங்கே இறங்க வேண்டும், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, எல்லாம் மூடியில் நிறமாகவும் எழுத்தாகவும் எண்ணாகவும் இருக்கும். உள்ளே இருப்பது வத்தக்குழம்பா மோர்க்குழம்பா என்று மூடி சொல்லாது. 1890இலிருந்து டப்பாவாலாக்கள் அது தெரியாமலேதான் சாப்பாட்டைக் கொண்டுசேர்க்கிறார்கள். அறிவு வரைபடமும் அந்த மூடியெழுத்துத்தான். எந்த விஷயம் யாரிடம் இருக்கிறது, அவரிடம் எப்படிப் போய்ச் சேர்வது என்று சொன்னால் அதன் வேலை முடிந்தது. விஷயம் அந்த மனிதரிடமே இருக்கும்.

சரி, எப்படி வரைவது? “உங்களுக்கு என்னவெல்லாம் தெரியும்?” என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. கட்டைவிரல் அமுக்கத்தைத் தனக்குத் தெரிந்த ஒரு வித்தையாக மாஸ்டரே எண்ணியிருக்க மாட்டார். அதனால் கேள்வியை மாற்றிப்போடுவோம். “சிக்கல் வந்தால் யாரைத் தேடிப் போவீர்கள்? உங்களைத் தேடி யார், எதற்காக வருகிறார்கள்?” ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்டு, பெயருக்குப் பெயர் அம்புக்குறி போட்டால் படம் தானாகவே எழுந்துவரும். பெரிய பதவிக்காரரிடம் ஓர் அம்புகூடப் போகாமல் இருக்கலாம். மெஷின் ரிப்பேர் பார்க்கும் ஓரமான ஆளிடம் பத்து அம்புகள் போய் நிற்கலாம். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்ததே இதுதான்: சம்பளப் பட்டியலில் கடைசியில் இருப்பவரின் மதிப்பு கண்முன்னே தெரிந்துவிடுகிறது.

பல அம்புகள் ஒரே ஆளிடம் போய் முடிந்து, அவருக்கு மாற்று இல்லையென்றால் அங்கேதான் ஆபத்து. அதை அளக்க ஒரு கணக்கும் உண்டு. அமெரிக்காவில் 1933இல் தொடங்கப்பட்ட டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், அணைகளும் அணுமின் நிலையங்களும் நடத்தும் அரசு நிறுவனம். அங்கே, ஊழியர் எவ்வளவு சீக்கிரம் ஓய்வு பெறுவார் என்பதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டார்கள். அவருக்குத் தெரிந்தது எவ்வளவு அரிது என்பதற்கும் 1 முதல் 5. இரண்டையும் பெருக்கி 20 அல்லது அதற்கு மேல் வந்தால் உடனே ஏற்பாடு செய்தாக வேண்டும். சர்வதேச அணுசக்தி முகமையும் இந்த முறையை மற்ற நாடுகளுக்கு எடுத்துச் சொன்னது. அணுத்துறைக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்பது செம்பூர்க்காரர்களுக்குப் புரியும். பக்கத்து ட்ராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் சைரஸ் உலை 1960இல் இயங்கத் தொடங்கி 2010 கடைசியில் நிறுத்தப்பட்டது. ஐம்பது ஆண்டுகள், எந்த ஊழியரின் பணிக்காலமும் அவ்வளவு நீளாது. உலையைத் தொடங்கிவைத்த கைகள் வேறு, நிறுத்திய கைகள் வேறு.

ஆபத்தான இடம் தெரிந்த பிறகு செய்ய வேண்டியது விஷயத்துக்கு விஷயம் மாறும். பசை எந்த அளவில் கலப்பது என்பதை எழுதி வைக்கலாம். கட்டைவிரல் அமுக்கத்தை எழுத முடியாது. ஒரு பையனை மாஸ்டர் பக்கத்தில் நிறுத்தி, வருடக்கணக்கில் தோலைத் தொடவிட வேண்டும். இன்னும் சிலவற்றுக்கு, அதே வேலை தெரிந்த இன்னொருவரின் செல்போன் எண் போதும்.

தாராவியில் இது இப்போது அவசரம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து திருநெல்வேலிப் பக்கத்து மக்கள் வந்து தோல் பதனிட்ட இடம் இது. பதனிடும் வேலை ஏறக்குறைய வெளியேறிவிட்டது. வெட்டும் தையலும் நிற்கின்றன. மறுசீரமைப்புக்காக 2024இல் தொடங்கிய கணக்கெடுப்பு, கதவுக்குக் கதவு எண் எழுதி, சந்துகளை லேசர் கருவியால் அளந்தது. எந்தப் பட்டறைக்காரர் எந்தச் சந்தேகத்துக்கு எந்தச் சந்துக்கு ஓடுவார் என்பது லேசரில் விழாது. பட்டறைகள் ஆளுக்கொரு கட்டடத்துக்குப் போனால் அந்த வழி அறுந்துபோகும்.

ஆகவே, பட்டறை நடத்துபவர்களுக்கும் இங்குள்ள நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இடம் மாறுவதற்கு முன்னால் படித்த பிள்ளைகள் சிலரை ஒரு நோட்டோடு பட்டறை பட்டறையாக அனுப்புங்கள். “சிக்கல் வந்தால் யாரைத் தேடிப் போவீர்கள்?” என்று கேட்டு, பெயரையும் செல்போன் எண்ணையும் குறித்து வரச் சொல்லுங்கள்.