கருஞ்சிட்டின் அலகில் என்ன இருக்கிறது, பாருங்கள்

கொல்லைப்புறத்தில் பழைய செங்கல் குவியலோ, விறகுக் கட்டோ, உடைந்த பீங்கான் குழாயோ கிடக்கிறதா? காலை ஆறரை மணிக்கு ஒரு டம்ளர் காபியோடு இருபதடி தள்ளி அதற்கு எதிரே உட்காருங்கள். செல்போனை உள்ளே வைத்துவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிய, கன்னங்கரேல் என்ற ஒரு குருவி தரையில் இறங்கும். நாலடி ஓடும். சட்டென்று நிற்கும். வாலை முதுகுக்கு மேல் தூக்கி நிமிர்த்தும். அப்போது வாலுக்கு அடியில் செங்கல் நிறம் தெரியும். பறந்தால் தோளில் ஒரு வெள்ளைக் கீற்று மின்னி மறையும். அதுதான் கருஞ்சிட்டு. ஆங்கிலத்தில் 'இந்தியன் ராபின்' என்பார்கள். கூடவே திரியும் பழுப்புக் குருவி அதன் பெட்டை. அதற்கு வெள்ளைக் கீற்று கிடையாது; வாலடிச் சிவப்பு மட்டும் உண்டு.

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான் நினைவுக்கு வரும். நமக்கு நிலக்கடலையும் முந்திரியும். மண்டல ஆராய்ச்சி நிலையம் தந்த 'வி.ஆர்.ஐ.' கடலை ரகங்களை இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. செம்மண் காடு, கல் குவியல், முள்வேலி, மனித நடமாட்டம் நான்கும் சேர்ந்த இடம் கருஞ்சிட்டுக்குப் பிடித்த இடம். ஆகவே இந்த வட்டாரத்தில் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. தினமும் பார்க்கிறீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

மூன்று 'கரிச்சான்'கள்

கிராமத்தில் கறுப்பாக எது வந்தாலும் 'கரிச்சான்' என்று சொல்லிவிடுகிறோம். மூன்றையும் பிரித்துத் தெரிந்துகொண்டால் வேலை சுலபம். மின்கம்பியில், மாட்டின் முதுகில் உட்கார்ந்து, வால் நுனி மீன் வால் போலப் பிளந்திருந்தால் அது இரட்டைவால் குருவி என்கிற கரிச்சான். பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும். காக்கையையும் பருந்தையும் விரட்டும். விடிவதற்கு முன்பே ஆன்டெனாக் கம்பியிலோ தென்னை உச்சியிலோ உட்கார்ந்து விதவிதமாகச் சீழ்க்கை அடிப்பது குண்டுக்கரிச்சான். அதன் வயிறு வெள்ளை, இறக்கையில் வெள்ளைப் பட்டை. மூன்றாவது நம் கருஞ்சிட்டு. இது தரைக்காரன். கறையான், எறும்பு, வண்டு, சின்னப் புழு எல்லாம் தரையிலேயே பொறுக்கும். மாலையில் இருட்டிய பிறகும் வாசல் விளக்கடியில் விழும் பூச்சியைப் பிடிக்க வருவதுண்டு.

மாசி, பங்குனியில் இதன் நடத்தை மாறும். சேவல் தன் எல்லைக்குள் இன்னொரு சேவலைச் சேர்க்காது. உங்கள் பைக் கண்ணாடியில் தன் உருவத்தையே பார்த்து, எதிரி வந்துவிட்டான் என்று நாள்கணக்கில் கொத்திக்கொண்டிருக்கும். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது; குருவிதான் களைத்துப்போகும். வண்டியை நிறுத்தியதும் கண்ணாடியில் ஒரு பழைய துணிப் பையை மாட்டிவிடுங்கள். கூடு கட்டுவது சுவர்ப் பொந்து, வரப்பு ஓட்டை, கவிழ்ந்த பானை, குழாய் என எங்கு வேண்டுமானாலும் இருக்கும். உள்ளே ஆட்டு முடி, மாட்டு முடியைப் பரப்பும். சில கூடுகளில் பாம்புச் சட்டைத் துண்டுகூட இருக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று முட்டை. அடைகாப்பது பெட்டை மட்டும். இரை ஊட்டுவது இரண்டும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். குருவி பூச்சியைப் பிடித்த இடத்திலேயே விழுங்கினால் அது தன் பசிக்கு. பிடித்ததை விழுங்காமல் அலகில் வைத்துக்கொண்டே இரண்டாவது, மூன்றாவது என்று சேர்த்து, ஒரே திசையில் திரும்பத் திரும்பப் பறந்தால் குஞ்சு இருக்கிறது என்று பொருள். கூட்டுக்கு நேராகப் போகாது. பக்கத்தில் ஒரு கல்லிலோ கம்பியிலோ நின்று உங்களைப் பார்க்கும். நீங்கள் அருகில் நின்றால் 'சிர்ர்' என்று கத்தும், உள்ளே போகாது. அவ்வளவு நேரமும் குஞ்சு பட்டினி. கத்தினால் பத்தடி பின்னால் போய்விடுங்கள். கூட்டுக்குள் கை விட்டோ, டார்ச் அடித்தோ பார்க்க வேண்டாம். நீங்கள் போய் வந்த தடத்தைப் பூனையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதில் விவசாயத்துக்கு என்ன என்று கேட்பீர்கள். அந்தப் புழு எந்தப் பாத்தியிலிருந்து வந்தது என்று பாருங்கள். ஒரே பாத்திக்குத் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் அங்கே ஏதோ இருக்கிறது. போய் இலையைத் திருப்பிப் பாருங்கள். நீளமான வளைந்த மூக்கும் விசிறிக் கொண்டையும் உள்ள கொண்டலாத்தி கடலைக் காட்டில் ஒரே இடத்தில் மண்ணைக் குத்திக்கொண்டிருந்தால், அந்த இடத்தில் மண்ணுக்கடியில் புழுவோ கூட்டுப்புழுவோ இருக்கும். ஒரு கைக்களைக்கொட்டால் கிளறிப் பார்த்தால் தெரிந்துவிடும். தவிட்டுக்குருவிக் கூட்டம் முந்திரி மரத்தடிச் சருகைப் புரட்டுவது இரைக்காக. அதே கூட்டம் ஒரு புதரைச் சுற்றி நின்று ஓயாமல் கத்தினால் அங்கே பாம்போ கீரியோ பூனையோ. கால் வைக்கும் முன் யோசியுங்கள்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் என் கொல்லைக் கத்தரியில் காய்ப்புழு விழுந்தது. கிணற்றடியில் கிடந்த பீங்கான் குழாயில் கருஞ்சிட்டு குஞ்சு பொரித்திருந்தது எனக்குத் தெரியும். தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் காய் போய்விடுமே என்ற பயத்தில் ஒரு மாலை மருந்தடித்தேன். மறுநாள் காலை இரண்டு குருவிகளும் அதே பாத்தியில் இறங்கி, துவண்டு கிடந்த புழுக்களை அள்ளின. துவண்ட புழு என்றால் பிடிக்கச் சுலபம் அல்லவா? அதைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தான். மூன்றாம் நாள் குழாயில் சத்தமில்லை. பெட்டை அலகில் இரையோடு வந்து வாயிலில் நின்று, உள்ளே போய், அதே இரையோடு வெளியே வந்தது. அன்று முழுக்க அப்படியே செய்தது. கத்தரியில் புழு அடுத்த மாதம் திரும்பவும் வந்தது. அந்தத் தடவை பொறுக்கக் குருவி இல்லை.

இது என் கொல்லையில் மட்டும் நடந்ததல்ல. 1954-ல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் எல்ம் என்ற மரத்துக்கு நோய் பரப்பும் வண்டுகளைக் கொல்ல டி.டி.டி. தெளிக்கத் தொடங்கினார்கள். அங்கேயும் ஒரு ராபின் உண்டு. நம் கருஞ்சிட்டு அல்ல. நெஞ்சு செங்கல் நிறமாக இருக்கும் பெரிய பறவை. மரத்துக்கு அடித்த மருந்து இலையில் ஒட்டியது. இலை உதிர்ந்தது. அதை மண்புழு தின்றது. மண்புழுவை ராபின் தின்றது. அடுத்த ஆண்டு முதல் வளாகத்தில் ராபின்கள் வலிப்பு வந்து செத்து விழுந்தன. மருந்தடித்த நாளில் அங்கே இல்லாத, பிறகு வந்து சேர்ந்த பறவைகளும் செத்தன. பதினோரு பெரிய மண்புழு போதும், ஒரு ராபினைக் கொல்லத் தேவையான நஞ்சு சேர்ந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு புழுவை அந்தப் பறவை சில நிமிடங்களில் தின்றுவிடும். ரேச்சல் கார்சன் 1962-ல் எழுதிய 'சைலன்ட் ஸ்பிரிங்' புத்தகம் இதை ஊருக்குச் சொன்னது. அமெரிக்கா 1972-ல் டி.டி.டி.யைத் தடை செய்தது.

நம் வயலில் இன்று உடனடி ஆபத்து குருணை மருந்து. பறவைகள் இரைப்பையில் அரைப்பதற்காகச் சின்னக் கல் பொறுக்கும். வரப்போரம் சிந்திய குருணை அதற்குக் கல் போலத்தான் தெரியும். கார்போபியூரான் குருணை ஒன்றே ஒன்று சிறிய குருவியைக் கொன்றுவிடும். இதனால்தான் அமெரிக்காவில் 1990-களில் அதன் குருணை வடிவத்தை ஒதுக்கினார்கள். சாக்கு பிரிக்கும் இடத்திலும் வயல் மூலையிலும் சிந்தியதை மண் போட்டு மூடுங்கள். மருந்து கலந்த விதை மிஞ்சினால் களத்து மேட்டில் கொட்டாதீர்கள், ஆழமாகப் புதையுங்கள். தெளிப்பது தவிர்க்க முடியாததென்றால், குஞ்சு வெளியேறும்வரை கூட்டைச் சுற்றியுள்ள பாத்தியை மட்டுமாவது விட்டுவைத்து, அங்கே கையால் பொறுக்குங்கள்.

கூலி கேட்காத ஆள்

கோடை உழவு ஓட்டும்போது பின்னால் உண்ணிக்கொக்கும் மைனாவும் கரிச்சானும் வரிசையாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். கடலையில் சிவப்புக் கம்பளிப்புழு வரும் ஊர்களில் கோடை உழவைச் சிபாரிசு செய்வதே மண்ணுக்குள் உறங்கும் கூட்டுப்புழுவை மேலே கொண்டுவந்து வெயிலுக்கும் பறவைக்கும் கொடுக்கத்தான். ஆகவே உழவை நள்ளிரவில் டிராக்டர் விளக்குப் போட்டு ஓட்டுவதைவிடக் காலையில் ஓட்டுங்கள். டிராக்டர் கிடைக்கிற நேரத்தில்தானே ஓட்ட முடியும் என்பீர்கள். நியாயம்தான், முடிந்தவரை சொல்கிறேன்.

எல்லாப் புழுவையும் எல்லாப் பறவையும் தின்னாது. கம்பளிப்புழுவின் மயிருக்குப் பயந்து பல பறவைகள் ஒதுங்கும். குயில் இனம் மட்டும் அதை விரும்பித் தின்னும். கறுப்பும் வெள்ளையுமாக, தலையில் கொண்டையோடு வரும் சுடலைக்குயில் அதில் கைதேர்ந்தது. அது தோட்டத்தில் இறங்கினால் கல்லெறியாதீர்கள்.

டி வடிவப் பறவைத் தாங்கி ஏக்கருக்கு இருபது வைக்கலாம். பயிரைவிட ஓரடி உயரம் போதும். செலவு என்று பார்த்தால் இரண்டு குச்சியும் கொஞ்சம் சணலும். கரிச்சான் முதல் நாளே வந்து உட்காரும். நெல், சோளம், கம்பு போட்டவர்கள் கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் தாங்கிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதே குச்சியில் தினைக்குருவியும் கிளியும் வந்து உட்காரும். தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் பெட்டிக்கு அருகே தாங்கி நடாதீர்கள். கரிச்சானுக்குத் தேனீயும் ஒரு பூச்சிதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புழு பெருகி, காடே சல்லடையான பிறகு குருவியை நம்பிப் பயனில்லை. தொடக்கத்தில் எண்ணிக்கை ஏறாமல் பார்த்துக்கொள்ளும் காவல்காரன் அது, தீயணைப்பு வண்டி அல்ல. விதைத்த கடலையைத் தோண்டும் காக்கையும் மயிலும் வேறு பிரச்சினை. அந்தக் கோபத்தைக் கருஞ்சிட்டின் மேல் காட்டாமல் இருந்தால் சரி.

கோடையில் தண்ணீர் வையுங்கள். நம் ஊரில் கழித்துப் போட்ட பீங்கான் தட்டுக்கா பஞ்சம்? ஆனால் பளபளப்பான பீங்கானில் குருவியின் கால் வழுக்கும். நடுவில் ஒரு சொரசொரப்பான கல்லை வைத்து, இரண்டு விரல் உயரத்துக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். பூனை பதுங்க முடியாதபடி புதரிலிருந்து ஆறேழு அடி தள்ளி வையுங்கள். தினமும் கொட்டி மாற்றாவிட்டால் கொசு வளரும். உடைந்த குழாய், வாய் குறுகிய பானை இருந்தால் சுவரோரம் நிழலில் சாய்த்து, மழைத் தண்ணீர் தேங்காதபடி வாயைச் சற்றே கீழ்நோக்கி வைத்து அசையாமல் கட்டிவிடுங்கள். பிறகு அதைத் தொடவே கூடாது.

பார்த்ததை எழுதி வைக்கப் பள்ளிக்கூடப் பிள்ளையின் பழைய நோட்டு போதும். தேதி, நேரம், என்ன குருவி, எந்தப் பாத்தி, அலகில் என்ன. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள். நம்மைவிடக் கண் கூர்மை. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை 'இ-பேர்டு' செயலியில் பதிந்தால் உங்கள் கொல்லையும் கணக்கில் சேரும். ஏரி, சரணாலயம் என்று போகிறவர்கள் நிறைய. கடலைக் காட்டிலிருந்து எழுதுகிறவர்கள்தான் குறைவு. வட்டார வேளாண் அலுவலர்கள் பண்ணைப் பள்ளி நடத்தும் நாளில் முதல் அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். எந்தப் பறவை எந்தச் செடியில் இறங்கியது என்று பார்த்துவிட்டு அதே செடியில் போய்ப் புழுவை எண்ணலாம்.

என் கிணற்றடிக் குழாய் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் காலியாகவே கிடந்தது. இந்தப் பங்குனியில் ஒரு சேவல் அதன் மேல் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருக்கிறது. பெட்டை நேற்றுக் காலை 6.50-க்கு ஆட்டு முடியோடு உள்ளே போனது. கத்தரிப் பாத்தியில் மூன்று செடியில் நுனி வாடியிருக்கிறது. நுனியைக் கிள்ளி, உள்ளே இருக்கும் புழுவோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.