சியேரா நெவாடாவின் குளிர்காலப் பெரும்புயல்கள்

சியேரா நெவாடா என்பது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் சுமார் 640 கிலோமீட்டர் நீளத்திற்கு அமைந்துள்ள மலைத்தொடர் ஆகும். குளிர்காலத்தில் பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் புயல்கள் இதில் மோதும்போது, சமவெளியில் கனமழையும், மலைமேல் வெண்பனிப் பொழிவும், முகடுகளில் சூறைக்காற்றும் ஒரே நேரத்தில் ஏற்படுகின்றன. மாநிலத்தின் ஆண்டு மழைப்பொழிவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இத்தகைய சில புயல்களிலேயே கிடைத்துவிடுகிறது. இவை வராத ஆண்டில் அங்கு வறட்சிதான். வந்தாலும், அவை தரும் நீர் கோடைக்குச் சேமிப்பாகுமா, அன்றே வெள்ளமாகுமா என்பது பெரும்பாலும் ஒரே ஒரு செய்தியைப் பொறுத்தது: மழை எந்த உயரத்தில் பனியாக மாறுகிறது?

(தமிழில் அதிகாலைப் பனித்துளி, மூடுபனி, உறைபனி எல்லாவற்றுக்கும் 'பனி' என்ற சொல்லையே பயன்படுத்துகிறோம். இக்கட்டுரையில் பனி என்பது வானிலிருந்து விழும் வெண்பனியையே குறிக்கும்.)

வளிமண்டல ஆறு

பெரும்பாலான பெரும்புயல்களுக்கு நீரைக் கொண்டுவருவது 'வளிமண்டல ஆறு'. வெப்பமண்டலக் கடற்பரப்பிலிருந்து நீராவியைச் சுமந்து வரும் நீண்ட, ஒடுக்கமான காற்றுப்பட்டை இது. சில நூறு கிலோமீட்டர் அகலமும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமும் கொண்டிருக்கும். மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்தில் சராசரியாக ஓடும் நீரின் அளவுக்குச் சமமான நீராவியைச் சாதாரண வளிமண்டல ஆறே கடத்துகிறது. யோங் சூ, ரெஜினால்ட் நியூவெல் ஆகிய ஆய்வாளர்கள் 1990களில் இப்பெயரைச் சூட்டினர். ஹவாய்த் தீவுகளின் பக்கமிருந்து வருவதை அப்பகுதி மக்கள் 'அன்னாசி எக்ஸ்பிரஸ்' என்பார்கள்.

இக்காற்று மலையில் மோதி மேலெழும்போது குளிர்கிறது. நீராவி ஒடுங்கி மழையாகவோ பனியாகவோ பொழிகிறது. ஈரத்தை இழந்த காற்று மறுபுறம் இறங்குவதால் கிழக்கே உள்ள நெவாடா மாநிலம் பாலைநிலமாக இருக்கிறது. பள்ளிப் புவியியலில் படிக்கும் 'மழை மறைவுப் பகுதி'க்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு காண்பது அரிது.

பனி மட்டம்

எந்த உயரத்திற்கு மேல் பனியாகவும் கீழ் மழையாகவும் பொழிகிறதோ அந்த உயரமே பனி மட்டம். ஈரக்காற்றில் ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியசு குறைகிறது. ஆகவே ஒரு புயல் மற்றொன்றைவிட 3 பாகை வெப்பமாக இருந்தால் பனி மட்டம் அரை கிலோமீட்டர் உயர்ந்துவிடும். அந்த அரை கிலோமீட்டரில் அடங்கும் மலைச்சரிவு முழுவதும், பனியாகத் தங்கியிருக்க வேண்டிய நீர் அன்றைக்கே ஆற்றுக்கு வந்துவிடுகிறது.

ஏற்கெனவே பனி கிடக்கும் சரிவில் வெப்பமான புயல் வீசினால் நிலைமை இன்னும் கடுமையாகும். மழைநீர் பனியை உருக்கிவிடுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். கணக்கிட்டுப் பார்த்தால் மழையின் பங்கு சிறிது. 5 பாகை வெப்பமுள்ள மழைநீர் 16 கிராம் சேர்ந்தால்தான் 1 கிராம் பனி உருகும். மாறாக, 1 கிராம் நீராவி பனியின்மேல் ஒடுங்கி நீராகும்போது வெளிவிடும் வெப்பம் 7 கிராம் பனியை உருக்கப் போதுமானது. அந்த நீராவியை இடைவிடாமல் பனிப்பரப்பின்மீது கொண்டுவந்து சேர்ப்பது பலத்த காற்று. காற்று என்றால் ஈரமண்ணில் நிற்கும் மரங்களைச் சாய்த்து மின்கம்பிகளை அறுப்பது மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. வெள்ளத்திலும் அதற்குப் பங்கு உண்டு.

1861 திசம்பரில் தொடங்கி 1862 சனவரி வரை நீடித்த புயல்களில் இதுவே நடந்தது. முதலில் மலையில் பெரும்பனி; பின்பு வெப்பமான மழை. மத்தியப் பள்ளத்தாக்கு ஏரியாக மாறியது. 1862 சனவரி 10 அன்று ஆளுநராகப் பதவியேற்ற லேலண்ட் ஸ்டான்போர்ட், தலைநகரான சாக்ரமெண்டோவின் தெருக்களில் படகில் செல்ல நேர்ந்தது. சட்டமன்றம் சான் பிரான்சிஸ்கோவுக்கு மாறியது. பிறகு அந்நகரின் தெருக்களையே உயர்த்திக் கட்டினார்கள். 1997 புத்தாண்டின்போதும் இதே வரிசைதான். 1,20,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டனர். யோசமிட்டி பள்ளத்தாக்கு இரண்டு மாதங்களுக்கு மேல் மூடிக் கிடந்தது.

குளிர்ந்த புயலின் ஆபத்து வேறு வகையானது. 1952 சனவரி 13 அன்று 'சிட்டி ஆப் சான் பிரான்சிஸ்கோ' என்ற பயணிகள் தொடர்வண்டி டோனர் கணவாய்க்கு அருகே பனியில் சிக்கியது. அதிலிருந்த 226 பேர் மூன்று நாள்களுக்குப் பின்னரே மீட்கப்பட்டனர்.

அணைகளின் சிக்கல்

கோடைக்காக அணையை நிரப்பி வைக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்க அதே அணையில் இடம் காலியாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்ய உதவுவது மலையில் தங்கும் பனியே. 2017 பிப்ரவரியில் ஓரோவில் அணையின் உபரிநீர்ப் போக்கி உடைந்தபோது, கீழே வாழ்ந்த ஏறத்தாழ 1,88,000 பேர் வெளியேற்றப்பட்டனர். புயலை முன்கூட்டி அளப்பதற்காக இன்று விமானங்கள் பசிபிக்கின்மேல் பறந்து, வளிமண்டல ஆற்றுக்குள் கருவிகளை இறக்குகின்றன. 2019இல் வெளிவந்த ஐந்து படி அளவுகோலில் முதல் படி பெரும்பாலும் நன்மை தருவது, ஐந்தாம் படி பெரும்பாலும் கேடு தருவது. புயலை நன்மையையும் சேர்த்து எடைபோடும் இந்த அளவுகோல் பாராட்டத்தக்கது.

பனியை எடை போட்டவர்

மாநிலத்தின் நீர்த்தேவையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைச் சியேராவின் பனி தருகிறது. பனியின் ஆழத்தை மட்டும் அளந்தால் அதிலுள்ள நீர் தெரியாது. இளகிய பனியும் இறுகிய பனியும் ஒன்றல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குழாயைப் பனிக்குள் செருகி எடுத்து நிறுத்துப் பார்க்கும் முறையை உருவாக்கியவர் ஜேம்ஸ் சர்ச். நெவாடா பல்கலைக்கழகத்தில் அவர் கற்பித்தது அறிவியல் அல்ல, இலத்தீன் இலக்கியம்! தாகோ ஏரியின் நீர்மட்டம் பற்றிய பூசலுக்கு அவருடைய அளவீடுகள் உதவின.

இன்றும் அம்முறையில் அளக்கிறார்கள். ஏப்ரல் முதல் நாள் அளவே அவ்வாண்டின் முதன்மைக் கணக்கு. 2015இல் அது வழக்கமான அளவில் 5 விழுக்காடு மட்டுமே. 2023இல் வழக்கத்தைப் போல் இரு மடங்கையும் தாண்டியது. அவ்வாண்டு, பல காலமாக வற்றி வயலாகிவிட்ட துலாரே ஏரி மார்ச் மழையில் மீண்டும் தோன்றி, மலைப்பனி உருக உருகப் பெருகி, விளைநிலங்களை மூழ்கடித்தது.