படிச்சதெல்லாம் எங்க போச்சு?

இந்த எபிசோடை ஊட்டி பக்கத்துல சோலூர்ல, சித்தி வீட்டு அடுப்படியில உட்கார்ந்து பேசுறேன். நடுவுல விசில் கேட்டா அது குக்கர்.

சித்தி பொண்ணு பன்னிரண்டாவது படிக்கிறா. திருப்புதல் தேர்வுல கணக்குக் கேள்வித்தாளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோச்சாம். "கை சில்லுனு ஆயிடுச்சுக்கா, குளிரா பயமான்னே தெரியல"ன்னா. முந்தின நாள் ராத்திரி அதே மாதிரி கணக்கை எனக்கே சொல்லிக்கொடுத்தவ. இப்போ பொதுத்தேர்வுக்கே போகலங்கிறா.

படிச்சது எங்கயும் போகல. ஒரு கணக்கைப் போடும்போது எண்ணையும் அடுத்த படியையும் கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்க மனசுல இருக்கிற இடம் ரொம்பச் சின்னது. 'ஃபெயிலாயிட்டா?'ங்கிற கவலையும் அங்கேயேதான் வந்து உட்காருது. அதனால, "நல்லா படிச்சிருந்தா பயம் எதுக்கு?"ன்னு சித்தப்பா கேட்டது அவளுக்கு உதவல. கவலைப்பட இன்னொரு விஷயம் கிடைச்சதுதான் மிச்சம்.

2011ல சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரார்டோ ராமிரெஸும் சியான் பெய்லாக்கும் 'சயின்ஸ்' இதழ்ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னாடி 10 நிமிஷம், மனசுல இருக்கிற பயத்தை அப்படியே எழுத வெச்சாங்க. அதிகமா பயப்படுற பசங்க நல்லா எழுதினாங்க. எல்லாருக்கும் பலிக்கும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா செலவு ஒரு தாள்தானே?

இவளையும் எழுதச் சொன்னேன். கணக்கைப் பத்தி ஒரு வரிகூட இல்ல. 'தேயிலைக்கு விலை இல்லாத வருஷத்துல டியூஷன் ஃபீஸ் கட்டினாங்க'ன்னு ஆரம்பிச்சு ஒரு பக்கம். படிச்சுட்டு எனக்குப் பேச்சே வரல. சித்திகிட்ட காட்டலாமான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டா. கிழிச்சு அடுப்புல போட்டா.

அப்புறம் பழைய கேள்வித்தாளை வெச்சு, கடிகாரம் பார்த்து, புத்தகத்தைத் தொடாம எழுதினா. பொதுத்தேர்வுல கேள்வித்தாளைப் படிக்கவே முதல் 10 நிமிஷம் தர்றாங்க இல்லையா, அதுல இவ தெரியாத கேள்வியைத்தான் முதல்ல தேடுவாளாம்! இப்போ தெரிஞ்சதை மட்டும் தேடச் சொல்லியிருக்கேன். முதல் கணக்கு தெரிஞ்ச கணக்கா இருந்தா கை தானா ஓடும். நடுவுல மூச்சு முட்டினா பேனாவை வெச்சுட்டு, மூச்சை மெதுவா, நீளமா வெளிய விடணும்.

தூக்கமோ சாப்பாடோ இல்லாம யாராவது தவிச்சா, 'எல்லாம் சரியாயிடும்'னு விட்டுடாதீங்க. 104க்கோ 14416க்கோ கூப்பிடுங்க, காசு கிடையாது.

நேத்து மறுபடி எழுதினா. கை சில்லுனுதான் இருந்துச்சாம். ரெண்டு அஞ்சு மார்க் கேள்வியை விட்டுட்டா, மத்ததெல்லாம் எழுதிட்டா. வெள்ளிக்கிழமை அடுத்த தேர்வு. இருங்க, குக்கரை இறக்கிட்டு வர்றேன்.