தாழப் பறப்பதைக் காணாத கண்

வாகட்டில் எங்கள் ஆறாம் மாடியிலிருந்து ஒரு திருமண ஊர்வலத்தைப் பார்த்திருந்தேன். படம் பிடிக்கும் டிரோன் ஒன்று வட்டமிட்டது. அடுத்த கட்டடத்தின் பின்னே தாழ்ந்ததும் மறைந்தது. ஓசை மட்டும் கேட்டது. நேயர்களே, ராடாரின் இடர்ப்பாடும் ஏறக்குறைய இதுவே.

ராடாரின் அலைகள் நேர்கோட்டில் செல்வன, பூமியோ வளைந்தது. ஆதலின், 10 கிலோமீட்டர் உயரத்தில் வரும் விமானத்தை 400 கிலோமீட்டருக்கு அப்பாலும் காணவல்ல தரை ராடார், 100 மீட்டர் உயரத்தில் வருவதைச் சுமார் 40 கிலோமீட்டருக்குள் வந்த பின்னரே காணும். குன்று குறுக்கிட்டால் அதுவும் இல்லை. மேலும், பறவைகளைக் கண்டு ஏமாறாதிருக்கும்பொருட்டு, மெல்ல நகரும் சிறு பொருள்களைக் கருவியே ஒதுக்கிவிடுவதுண்டு. டிரோனும் அவற்றோடு ஒதுங்கிப் போகிறது.

2021 ஜூன் 27 பின்னிரவில் ஜம்மு விமானப்படைத் தளத்தின்மீது டிரோன்கள் இரு வெடிபொருள்களை வீழ்த்தின. இருவர் காயமுற்றனர். எல்லை அங்கிருந்து ஏறத்தாழ 14 கிலோமீட்டர்தான்.

ஐரோப்பாவில் நிகழ்ந்ததோ வேறுவிதம். 2022 மார்ச் 10 இரவு, சோவியத் காலத்து டூ-141 என்னும் ஆளில்லா விமானம், போர் நிகழ்ந்த உக்ரைன் திசையிலிருந்து ருமேனியா, ஹங்கேரி வழியே வந்து, குரோஷியத் தலைநகர் ஜாக்ரெபில் மாணவர் விடுதிக்கருகே விழுந்தது. நீளம் சுமார் 14 மீட்டர். பறவையென்று ஒதுக்கத் தக்கதன்று. அதன் வழியை நேட்டோ ராடார்கள் தொடர்ந்திருந்தன. ஹங்கேரியின்மேல் மட்டும் சுமார் 40 நிமிடம் பறந்தது. கண்டும் எவரும் தடுக்கவில்லை.

நம் புனேயின் லோஹேகாவும் விமானப்படைத் தளமே. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றி டிரோன் பறத்தலாகாது. மறுநாள் படப்பிடிப்பாளரிடம் இதுபற்றி வினவினேன். மண்டல வரைபடத்தைக் கைப்பேசியிலேயே காட்டினார்.