முட்டை எடுக்க ஆள் ஏன் ஒடிசாவிலிருந்து வருகிறது?

சேலம்–நாமக்கல் சாலையில் புதுச்சத்திரத்தைச் சுற்றியுள்ள கோழிப்பண்ணைகளில் இன்று ஒடியாவும் இந்தியும் சாதாரணமாகக் காதில் விழும். பெரும்பாலும் கணவன் மனைவியாகத்தான் வேலைக்கு எடுப்பார்கள்; தங்குவதற்குப் பண்ணைக்குள்ளேயே ஓர் அறை. கூண்டிலிருந்து உருண்டு வந்து நிற்கும் முட்டைகளை எடுத்து, அட்டைக்கு முப்பதாக அடுக்க வேண்டும். “நம்ம ஆளுங்க இந்த வேலைக்கு வர்றதில்லைங்க” என்று சொல்லி, சோம்பேறித்தனத்தைக் காரணம் காட்டுபவர்கள் உண்டு. அது நியாயமில்லை. வந்திருக்க வேண்டியவர்களில் ஒரு பகுதியினர் பிறக்கவே இல்லை.

ஒரு பெண் சராசரியாக 2.1 பிள்ளைகளைப் பெற்றால்தான் ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை நிரப்பும். 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் அந்த எண் 4ஐ ஒட்டி இருந்தது. 2000 வாக்கில் 2.1ஐத் தொட்டு, 2020இல் 1.4க்கு இறங்கிவிட்டது. ஒன்றோ இரண்டோ பெற்று நன்றாகப் படிக்க வைப்பது என்று கொங்கு நாட்டுக் குடும்பங்கள் முன்னதாகவே முடிவெடுத்துவிட்டன. அப்படிப் படித்த பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள்.

இருந்தும் மக்கள்தொகை குறையவில்லை. 1991–2001இல் சுமார் 11.7 சதவீதம் கூடிய தமிழ்நாடு, அடுத்த பத்தாண்டில் 15.6 சதவீதம் கூடியது. நாமக்கல் மாவட்டமும் அச்சு அசலாக அதே 15.6: 14.93 லட்சம் பேர் 17.27 லட்சம் ஆனார்கள். பிறப்பு குறையும்போது வளர்ச்சி வேகமெடுத்தது ஆய்வாளர்களையே திகைக்க வைத்தது. முந்தைய கணக்கில் பலர் விடுபட்டிருக்கலாம் என்றார்கள். வெளிமாநிலத்தவர் வரவையும் காரணமாகச் சொன்னார்கள்.

பிறப்பு குறைந்தும் ஆட்கள் வரவால் தொகை நிலைத்திருக்கும் இடம் வேறும் உண்டு: ஐரோப்பாவில் ஸ்லோவேனியா என்றொரு சிறிய நாடு. மொத்தமே சுமார் 21 லட்சம் பேர்தான். அங்கே பிறப்பைவிட இறப்பு அதிகம். போஸ்னியா போன்ற நாடுகளிலிருந்து கட்டட வேலைக்கும் லாரி ஓட்டவும் ஆட்கள் வருவதால்தான் தொகை சரியாமல் நிற்கிறது. வருகிற ஒவ்வொருவரும் அரசுப் பதிவேட்டில் ஏறுகிறார்கள். நம்மிடம் இருப்பது 2011 கணக்கு மட்டும்.

இன்னொரு பற்றாக்குறையும் இருக்கிறது, அது வேதனையானது. 1991 கணக்கெடுப்பில், நாமக்கல்லும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகளே இருந்தார்கள். பெற்றோர் வேண்டாம் என்று விடும் பெண் குழந்தைகளை அரசே ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் அடுத்த ஆண்டே சேலத்தில் தொடங்கியது. அந்தப் பையன்களுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. பெண் கிடைக்காமல் பாலக்காடு வரை போய்க் கல்யாணம் முடித்து வருகிறார்கள். மொழி தெரியாத வீட்டுக்கு வாழ வரும் அந்தப் பெண்களும் புலம்பெயர்ந்தவர்கள்தான். கூலிக்கு வருபவர்களைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இவர்களைப் பற்றி நாம் பேசுவதில்லை.

அடுத்த கணக்கெடுப்புக்கான குறிப்பு நாள் 2027 மார்ச் 1. பிறந்த ஊர், கடைசியாக இருந்த ஊர், இடம்பெயர்ந்த காரணம் ஆகியவற்றை 2011இல் கேட்டார்கள். இம்முறை கணக்கெடுப்பாளர் பண்ணை கேட்டோடு திரும்பிவிடாமல், உள்ளே கடைசி அறைவரை போய்க் கேட்டு எழுத வேண்டும். பண்ணை முதலாளிகளும் கதவைத் திறந்துவிட வேண்டும். அந்த அறைகளில் குழந்தைகளும் இருக்கிறார்கள். அங்கன்வாடியில் எத்தனை பேருக்கு இடம் வேண்டும், பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் வேண்டும் என்று திட்டமிடுபவர்கள் அந்த எண்ணிக்கையைத்தான் கையில் எடுப்பார்கள்.