ஹாம் ரேடியோவில் சத்தம் கேக்குது, பேச்சு புரியலையா? கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கு உதவும் எளிய வழிகள்!

‘சத்தம் நல்லா கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கனுதான் புரியல.’ வயது கூடக் கூட ஹாம் ரேடியோ ஆப்பரேட்டர்கள் பலர் சொல்லும் புகார் இது. சும்மா பேசும்போது ‘திரும்பச் சொல்லுங்க’ என்று கேட்டுக்கொள்ளலாம். ஆனால், பேரிடர் நேரத்தில் ‘பதினேழு பேர்’ என்பது ‘பதினெட்டு பேர்’ என்று காதில் விழுந்தால்?

2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானின் தொலைத்தொடர்பு முடங்கியபோது, போர்ட் பிளேரில் இருந்த ஹாம் ஆப்பரேட்டர் பாரதி பிரசாத் குழுவினர்தான் வெளியுலகத்துக்குத் தகவல் அனுப்பினர். அப்படிப்பட்ட நேரத்தில் ஒவ்வொரு சொல்லும் முக்கியம்.

மலையில் ஏன் கூடுதல் சிக்கல்?

ஏற்காடு மலையில் உள்ள செம்மநத்தம் போன்ற ஊர்களை எடுத்துக்கொள்வோம். ஹாம்கள் உள்ளூரில் பேசப் பயன்படுத்தும் 144-146 மெகாஹெர்ட்ஸ் அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை. நடுவில் மேடு வந்தால் சிக்னல் பலவீனமாகி ‘உஸ்...’ என்ற இரைச்சல் கூடும். தொலைதூரத் தொடர்புக்கான 7 மெகாஹெர்ட்ஸ் பகுதியிலோ, இடி மின்னல் இருந்தால் படபடவென்று சத்தம் வரும்.

காதில் என்ன நடக்கிறது?

வயதாகும்போது முதலில் குறைவது கீச்சான ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரெழுத்தின் பலம் தாழ்ந்த ஒலியில் இருக்கிறது. ச, த, ப போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டுவது உயர்ந்த ஒலிகள். எஸ்எஸ்பி முறையில் ரேடியோ சுமார் 300 முதல் 2,700 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். மேல் பகுதியை ரேடியோவே வெட்டிவிடுகிறது, மிச்சத்தைக் காது தவறவிடுகிறது. அதனால்தான் வால்யூமைக் கூட்டினாலும் இரைச்சலும் சேர்ந்தே கூடுகிறது, பேச்சு தெளிவதில்லை.

என்ன செய்யலாம்?

* ஆர்.எஃப் கெயினைக் குறையுங்கள்: பேச்சு நிற்கும் அளவுக்கு வைத்துக்கொண்டு குறைத்தால், பின்னணி இரைச்சல் அடங்கும்.
* ஈக்வலைசர்: 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்து, 1,500-க்கு மேலே கூட்டுங்கள்.
* ஃபில்டர்: பேச்சுக்கு ரொம்பவும் குறுக்கினால் மெய்யெழுத்துகளும் போய்விடும். மோர்ஸுக்கு 500 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் கீழே தாராளமாகக் குறுக்கலாம்.
* மோர்ஸ் சுருதி: 700-ல் கேட்கவில்லையா? 450, 500 என்று உங்கள் காதுக்கு ஒத்துவரும் சுருதிக்கு மாற்றுங்கள்.
* ஸ்பீக்கர்: பல ரேடியோக்களில் ஸ்பீக்கர் மேல்பக்கமோ அடியிலோ இருக்கும். தனி ஸ்பீக்கரை முகத்துக்கு நேராக வைத்தாலே வித்தியாசம் தெரியும். காதை முழுக்க மூடும் ஹெட்போன் இன்னும் நல்லது.

காது கருவி அணிபவர்களுக்கு...

சில கருவிகள் மோர்ஸின் தொடர் ‘பீப்’பை விசில் கோளாறு என்று நினைத்து அமுக்கிவிடும். ரேடியோ கேட்பதற்கெனத் தனி செட்டிங் வைத்துத் தரும்படி ஆடியாலஜிஸ்டிடம் கேளுங்கள். கருவியில் டெலிகாயில் இருந்தால், கழுத்தில் மாட்டும் லூப் மூலம் ஒலியை நேராகக் காதுக்கே கொண்டுவரலாம்.

கேட்கவே முடியலைன்னா?

கண்ணால் படிக்கலாம். பிஎஸ்கே31 முறையில் எதிர்முனை டைப் செய்வது திரையில் எழுத்தாக வரும். 2017-ல் அறிமுகமான எஃப்டி8, மிகப் பலவீனமான சிக்னலையும் பிடித்துக் காட்டும். ஆனால் அதில் குறுந்தகவல்தான், அரட்டை அடிக்க முடியாது.

எதிர்முனைக்கும் பொறுப்பு உண்டு

‘கியூஆர்எஸ்’ என்று கேட்டால் மோர்ஸ் வேகத்தைக் குறைக்க வேண்டும். பேச்சில் பி, டி, ஈ எல்லாம் ஒரே மாதிரி கேட்கும் என்பதால் ‘பிராவோ, டெல்டா, எக்கோ’ என்று சொல்வதே பாதுகாப்பு. எண்களை ஒவ்வொன்றாக, ‘ஒன்று, ஏழு’ என்று பிரித்துச் சொன்னால் குழப்பமே வராது.

முதலில் காது பரிசோதனை

எந்த ஒலியில் குறைபாடு என்பதை ஆடியோகிராம் காட்டிவிடும். அதைப் பார்த்து ஈக்வலைசரை வைப்பதே சரியான வழி. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவை அணுகலாம். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் மட்டும் ரேடியோவைக் குறை சொல்லிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், உடனே டாக்டரைப் பாருங்கள்.